செட்டேக்கும் முத்தேக்கும் பொருத்தம் உண்டா?

முதல்ல அந்தப் போனைக் கீழே வைடா பேராண்டி. "ரெட் வைனுக்கு என்ன சமைக்கலாம்"னு அதுகிட்டக் கேட்டா அது பாஸ்தாங்கும், சீஸுங்கும், ஆலிவுங்கும். அதையெல்லாம் வாங்கப் போனா பாட்டிலுக்குக் குடுத்ததைவிட மூணு மடங்கு இந்திராநகர்க் கடையில கொட்டிட்டு வரணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உன் மேனேஜர் வர்றாரு, கூட நாலு பேரு வர்றாங்க, சரி. வரட்டும். அவங்க வர்றது பெல்லந்தூர்ல இருக்கிற உன் வீட்டுக்கு. இத்தாலியில இருக்கிற டஸ்கனிக்கு இல்லே.

எனக்கு என்னடா தெரியும்? நான் ஓசூருக்கு அந்தாண்ட பொறந்தவன். ஆயுசுல பாதியை தொட்டபள்ளாபுரம் பக்கம் திராட்சைத் தோட்டத்துல கவாத்துக் கத்திரியோட கழிச்சவன். இங்கிலீசு லேபிள் படிக்க வராது. ஆனா லேபிளைப் படிச்சவங்க மூஞ்சியை எப்படி வச்சுக்கிறாங்கன்னு நிறையப் பார்த்திருக்கேன். அதனால நீ கேக்காமலே நாலு புத்தி சொல்றேன். கேட்ட பிறகு சொன்னா அதுக்குக் கன்சல்டன்சின்னு பேரு, நீ காசு குடுக்கணும்.

நீ வாங்கியிருக்கிறது செட்டே. கடைக்காரன் "இத்தாலியன் பிளெண்ட் சார்"னு சொல்லியிருப்பான், நீயும் பரம்பரை பரம்பரையா குடிச்சவனாட்டம் தலையாட்டியிருப்பே. பாட்டிலைத் திருப்பிப் பாரு. மகாராஷ்டிரா, சோலாப்பூர் ஜில்லா, அக்லூஜ். கரும்பு விளையற ஊரு. இத்தாலி எங்கே வந்துதுன்னு கேளு. அங்கேருந்து செச்சி அண்ணன் தம்பி ரெண்டு பேரு, டெல்லியிலேருந்து சேக்ரி அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அக்லூஜ்லயே மோஹிதே பாட்டீல் அண்ணன் தம்பி ரெண்டு பேரு, கூடவே டஸ்கனியில வைன் போட்டுக் கைதேர்ந்த பியரோ மாசி. ஆக ஏழு பேரு. அந்த ஏழைத்தான் இத்தாலி பாஷையில பாட்டில் மேல எழுதியிருக்கு. நம்ம பக்கம் ஒரு ஜோடி அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு போர் போட்டாலே பஞ்சாயத்து வைக்கணும். இவங்க மூணு ஜோடி சேர்ந்து பிராட்டெல்லின்னு கம்பெனியே போட்டுட்டாங்க. நான் அந்த வைனைவிட இதுக்குத்தான் ஜாஸ்தி மரியாதை குடுப்பேன்.

உள்ளே இருக்கிறது ரெண்டு திராட்சை. சான்ஜொவேசே டஸ்கனிக்காரன், புளிப்பு ஜாஸ்தி. கேபர்னே சாவின்யோன் பிரான்ஸ்காரன், தோல் தடிப்பு, அதனால துவர்ப்பு ஜாஸ்தி. புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்தா என்ன ஆகும்னு ஊறுகா போடத் தெரிஞ்ச உன் பாட்டியைக் கேட்டா அரை நிமிஷத்துல சொல்லியிருப்பா. நீ மூணு நாளா போனைக் கேட்டுக்கிட்டு இருக்கே.

இந்தக் கலவைக்குப் பின்னாடி ஒரு கூத்து இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்காதே. நீ மீட்டிங்ல இருக்கிற நேரத்துல உன் மக எனக்குப் புத்தகம் படிச்சுக் காட்டுறா. டஸ்கனியில கியாந்தின்னு ஒரு வைன். பெத்தினோ ரிக்காசோலின்னு ஒரு ஜமீன்தாரு, இத்தாலிக்கே ரெண்டு தடவை பிரதமரா இருந்தவரு, 1872ல அதுக்குப் பக்குவம் எழுதி வச்சாரு. சான்ஜொவேசே முக்கியம், கானயோலோ கொஞ்சம், சீக்கிரமாக் குடிச்சுத் தீக்கிற வைனா இருந்தா மால்வாசியான்னு ஒரு வெள்ளைத் திராட்சையும் சேத்துக்கலாம்னாரு. பெரியவரு 'சேத்துக்கலாம்'னு சொன்னதை 1967ல சட்டமா எழுதறப்போ 'சேத்தே ஆகணும்'னு ஆக்கிட்டாங்க. நூத்துக்குப் பத்திலேருந்து முப்பது வரைக்கும் வெள்ளைத் திராட்சை கலந்தாத்தான் கியாந்தி, இல்லேன்னா அந்தப் பேரையே வைக்கக் கூடாது. வெள்ளைத் திராட்சை அங்கே மலை மலையா விளைஞ்சு கிடந்ததுடா, அதை எங்கேயாவது தள்ளணுமே.

ரோஷக்காரங்க எந்த ஊர்லயும் இருப்பாங்க. ஆன்தினோரின்னு ஒரு குடும்பம், 1385லேருந்து வைன் வியாபாரம். 1971ல தின்யானெல்லோன்னு ஒண்ணு போட்டாங்க, 1975ல வெள்ளைத் திராட்சையை அறவே தள்ளிட்டாங்க, கேபர்னேயைக் கூட்டாளியாச் சேத்துக்கிட்டாங்க. சட்டம் சும்மா விடுமா? "போ, கடைசி வரிசையில நில்லு"ன்னு 'மேசை வைன்' வகுப்புல தள்ளிடுச்சு. கூலிக்காரன் கூஜாவுல வாங்கிக் குடிக்கிற மலிவுச் சரக்கோட வரிசை அது. கடற்கரைப் பக்கம் போல்கெரியில சாசிக்காயான்னு ஒண்ணு, 1968 மகசூல்லேருந்து விக்க ஆரம்பிச்சாங்க, அதுவும் அதே கடைசி வரிசைதான். அங்கே நின்னுக்கிட்டே ரெண்டும் முதல் வரிசைக்காரனைவிட நல்ல விலைக்கு வித்துது. ஊரே 'சூப்பர் டஸ்கன்'னு பட்டம் குடுத்த பிறகு, 1992ல சர்க்காரு இவங்களையெல்லாம் கௌரவமா உட்கார வைக்க ஐ.ஜி.டி.ன்னு புதுசா ஒரு வகுப்பு திறந்துது. கியாந்தியில கிளாசிக்கோன்னு ஒரு வகை, அதுல 2006லேருந்து வெள்ளைத் திராட்சையைச் சேக்கவே கூடாது. சேக்கலேன்னா தப்புன்னு சொன்னதும் சட்டம், சேத்தா தப்புன்னு சொல்றதும் சட்டம், நடுவுல நாப்பது வருஷம்கூட முழுசா ஆகலே.

உன் பாட்டில் அந்த ரோஷக்காரங்க வழியில வந்த சரக்குடா. சட்டத்தை மீறிப் பொறந்த வைனைக் கையில வச்சுக்கிட்டு, "தாத்தா, இதுக்கு ராகிக் களி முத்தே வச்சா தப்பா நினைப்பாங்களா"ன்னு நடுங்குறே பாரு, அதைப் பார்த்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

இத்தாலிச் சரக்கு நமக்குப் புதுசும் இல்லே. புதுச்சேரிக்குப் பக்கத்துல அரிக்கமேட்டுல 1945ல மார்ட்டிமர் வீலர்னு ஒரு வெள்ளைக்காரரு தோண்டினப்போ, வைன் வந்த அம்போராச் சாடித் துண்டுங்க கிடைச்சுது. சிவப்பா வழவழன்னு அரெட்டைன் தட்டுத் துண்டுங்களும் கிடைச்சுது. அந்தத் தட்டுக்குப் பேரு குடுத்த அரெஸ்ஸோ எங்கே இருக்குன்னு நினைக்கிறே? அதே டஸ்கனியிலதான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே தட்டையும் அனுப்பி, ஊத்திக்கிறதையும் அனுப்பியிருக்கான். பெரிப்ளூஸ்னு ஒரு கிரேக்க மாலுமிக் கையேடு, பரூச் துறைமுகத்துல என்னென்ன இறக்கலாம்னு சொல்றப்போ, வைன்ல இத்தாலி வைனுக்குத்தான் கிராக்கின்னு எழுதியிருக்கு. நம்ம நக்கீரரு யவனர் கொண்டாந்த தேறலைக் குடிக்கச் சொல்லிப் பாண்டியன் நன்மாறனைப் புறநானூத்துல வாழ்த்துறாரு. பாண்டியனுக்கு யாரும் சீஸ் தட்டு வச்சதாத் தெரியலே.

அப்பறம், பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு திராட்சைக்கு வேற ஊரைத் தேடுறவங்களைப் பார்த்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். பெங்களூர் புளூன்னு ஒரு பழம், நூத்தம்பது வருஷமா இந்தப் பக்கத்துச் செம்மண்ணுல பந்தல் போட்டு வளர்க்கிறோம். 2013ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. வருஷத்துக்கு ரெண்டு மகசூல் குடுக்கும் மகராசி. ஜூஸுக்கு ஆகும், ஜாமுக்கு ஆகும், சர்க்கரை தூக்கலா 'போர்ட்'னு விக்கிறாங்களே அந்த வைனுக்கும் ஆகும். ஆனா அதுக்கு ஒரு முரட்டு வாசனை உண்டு, சாப்பாட்டோட குடிக்கிற வைனுக்கு அது ஒத்துவராது. அதனாலதான் கன்வல் குரோவர்னு ஒருத்தரு, ஷாம்பேன் நாட்டு ஜார்ஜ் வெசெல்லைக் கூட்டாளியா சேத்துக்கிட்டு, 1988ல நந்திமலை அடிவாரத்துல பிரான்ஸ் ரகங்களை நட்டாரு. அவங்க லா ரிசர்வ்கூடக் கலவைதான், கேபர்னேயும் ஷிராஸும். ராஜ்ய சர்க்காரு 2007ல வைனுக்குன்னே தனிக் கொள்கை போட்டுது. பந்தல் போய்க் கம்பி வேலி மாதிரி வரிசை வந்துது. கவாத்து மட்டும் மாறலே: ஏப்ரல்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு, வெட்டு பிப்ரவரி மார்ச்சு. ஐரோப்பாவுல கொடி பனியில தூங்கும். நம்ம ஊர்க் கொடிக்குத் தூக்கமே கிடையாது, உன்னை மாதிரி அமெரிக்கா ஷிப்ட்டு.

சரி, சாப்பாட்டுக்கு வர்றேன். நீ முக்கியமாத் தெரிஞ்சுக்க வேண்டியது துவர்ப்புக்கு என்ன வேலைன்னு. வெறும் வாயில குடிச்சா அது எச்சில்ல இருக்கிற புரதத்தைப் பிடிச்சு நாக்கை வறளப் பண்ணிடும். வாயில கறி இருந்தா கறியோட புரதத்தையும் கொழுப்பையும் பிடிச்சுக்கிட்டு நாக்கை விட்டுடும். உப்பு இருந்தா இன்னும் சாது ஆயிடும். டஸ்கனிக்காரன் இதை எந்தக் காலேஜ்லயும் படிக்கலே. எலும்போட தடிமனா வெட்டின மாட்டுக்கறியைத் தணல்ல சுட்டு, உப்பைத் தூவி, கூட இதை ஊத்திக்கிட்டான். காட்டுப்பன்னியைத் தக்காளி போட்டு வேகவச்சு அதுக்கும் இதையே ஊத்திக்கிட்டான். கறி வாங்க வழியில்லாதவன் காஞ்ச ரொட்டியையும் பீன்ஸையும் கீரையையும் மறுநாள் சுடவச்சு, நம்ம வீட்டுச் சுண்டக்குழம்பு மாதிரி, ரிபொல்லித்தான்னு ஒண்ணு சாப்பிட்டான். இன்னிக்கு அதையே பெரிய ஓட்டல்ல பீங்கான் கிண்ணத்துல வச்சு விலை சொல்றாங்க.

அதனால உன் மேனேஜருக்கு நீ வைக்க வேண்டியது ராகி முத்தேயும் ஆட்டுக்கறிச் சாறும். முகத்தைச் சுளிக்காதே. முத்தேக்குன்னு தனி ருசி அதிகமில்லே, மெல்லவும் கூடாது, சாறுல தோய்ச்சு அப்படியே முழுங்கணும். அது வைனோட சண்டைக்குப் போகாது. சாறுல கொழுப்பு இருக்கு, தேங்கா, தனியா, பட்டை, கிராம்பு இருக்கு. ஓக் பீப்பாயில ஊறின வைன்ல வர்ற வாசனைக்கு இதெல்லாம் தூரத்துச் சொந்தம். கைமா உருண்டை வச்சா இன்னும் விசேஷம். மிலிட்டரி ஓட்டல்ல பார்சல் வாங்கினாலும் சரி, நீயே பண்ணினாலும் சரி, ஒரே ஒரு வேண்டுதல்: மிளகாயைப் பாதியாக் குறை.

ஏன்னா மிளகா எந்த நரம்பைச் சுடுதோ அதே நரம்பைச் சாராயமும் தூண்டும். துவர்ப்பு வேற வறட்டும். மூணும் ஒண்ணாச் சேர்ந்தா உன் மேனேஜரு வைனைத் தண்ணியாட்டம் குடிப்பாரு, அது எரிச்சலை இன்னும் கிளப்பும், அப்பறம் உன் அப்ரைசலை யாராலயும் அணைக்க முடியாது. ஆந்திரா மெஸ் கோழி வறுவலோட இதைக் குடிக்கிற வீரன் இந்த ஊர்ல உண்டு. அவனுக்கு நான் புத்தி சொல்றதில்லே, தூரமா நின்னு கும்பிடுவேன். காரம் இல்லாத சிவப்பு வேணும்னா ஹாவேரி ஜில்லா பேடகி மிளகா இருக்கு. கலர் நிறைய, காரம் கம்மி. அதை அரைச்சு நெய்யில புரட்டின மங்களூர் கோழி நெய் ரோஸ்ட்டுக்கு இந்த வைன் நல்லாவே ஒத்துப்போகும்.

தொன்னை பிரியாணி? வைக்கலாம். சீரக சம்பா, புதினா, கொத்தமல்லி, ஆட்டுக்கறி. பச்சை மிளகா கை மீறினா மட்டும் பக்கத்துல தயிர்ப் பச்சடி வச்சுக்கோ. என்னைக் கேட்டா இந்தக் கர்நாடகாவிலேயே இந்தப் பாட்டிலுக்கு ஏத்த கறி குடகுக்காரங்க பன்றிக் கறிதான். கச்சம்புளின்னு குடம்புளிச் சாதிப் பழத்தைக் காய்ச்சிக் காய்ச்சிக் கருப்பாக் குழம்பாட்டம் எடுத்து வச்சிருப்பாங்க, அதை ஊத்தி, மிளகுப்பொடி தூவி இறக்குவாங்க. புளிப்புள்ள வைனுக்குப் புளிப்புள்ள கறிதான் ஜோடி. கறியில புளிப்பு இருந்து வைன்ல இல்லேன்னா வைன் சப்புன்னு ஆயிடும். சான்ஜொவேசேகிட்ட அந்தக் கவலையே இல்லே. தக்காளி எங்கே இருக்கோ அங்கே அது கூச்சமில்லாம உக்காரும், அதனாலதான் பாஸ்தாக்காரனும் அதை விடமாட்டேங்கிறான். பன்றி சாப்பிடாதவங்க வர்றாங்கன்னா முன்கூட்டிக் கேட்டுக்கோ. கேக்கறதுல கௌரவம் குறையாது.

சைவக்காரங்க ஒருத்தரு வர்றாங்கன்னு சொன்னே. அவங்களுக்குப் பன்னீர் டிக்காவை வச்சுக் கைகழுவிடாதே. வடகர்நாடகத்து எண்ணெகாயி பண்ணு. சின்னக் கத்தரிக்காயைப் பொளந்து வேர்க்கடலையும் எள்ளும் அரைச்சு அடைச்சு எண்ணெயில வதக்கி, கூட ஜோள ரொட்டி. கொட்டையில இருக்கிற எண்ணெயே துவர்ப்பை மடக்கிடும். காளானைத் தக்காளியோட சுருள வதக்கினாலும் ஆகும்.

மீன் வேண்டாம். இது வெறும் சம்பிரதாயம்னு நானும் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். 2009ல ஜப்பான்காரங்க ஆராஞ்சு, சிவப்பு வைன்ல இருக்கிற இரும்புச் சத்துதான் மீனோட சேர்ந்து வாயில கவிச்சியைக் கிளப்புதுன்னு கண்டுபிடிச்சாங்க. ரசமும் வேண்டாம், ரசத்துக்கு எதிர்ல எந்த வைனும் வாயைத் திறக்காது. மைசூர்பாகு வாயில இருக்கிறப்போ இதைக் குடிச்சா வைன் காடியாட்டம் தெரியும். இனிப்பு வைக்கணும்னா அந்தப் பெங்களூர் புளூ போர்ட்டை ஒரு வாய் ஊத்து. மேனேஜரு "இது என்ன, தித்திக்குது"ன்னு கேட்டா "லோக்கல் டெசர்ட் வைன்"னு சொல்லு. இங்கிலீசுல சொன்னா நம்பிடுவாரு.

இனிமே ஊத்தற முறை. சிவப்பு வைனை அறை வெப்பத்துல குடுக்கணும்னு எவனோ எழுதி வச்சதைப் படிச்சுட்டு நீ அதை ஷெல்ஃப்ல நிக்க வச்சிருக்கே. அவன் சொன்ன அறை ஐரோப்பாவுல கல் வீட்டு அறை. 16லேருந்து 18 டிகிரி. உன் கண்ணாடி மாளிகையில சாயங்காலம் அஞ்சு மணிக்கே 28. சாராய நெடிதான் முதல்ல மூக்குல ஏறும். வர்றவங்க வர்றதுக்கு அரை மணி முந்தி ஃபிரிட்ஜ்ல வை, ஊத்தறப்போ வெளியே எடு. காத்துப் படட்டும்னு ஊத்தி வைக்க அன்னப்பறவைக் கழுத்தோட ஒரு கண்ணாடிக் கூஜா வாங்கப் போறேன்னியே, அந்தக் காசுக்கு உன் மகளுக்குச் செருப்பு வாங்கு. எவர்சில்வர் ஜக்கு போதும். வைன் பண்ற தொட்டியே எவர்சில்வர்தான். பித்தளைச் சொம்பை மட்டும் எடுத்துடாதே, புளிப்புப் பட்டாக் களிம்பு ஏறும்.

கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு. சுத்து, ஆனா பக்கத்துல இருக்கிறவங்க சட்டை மேல தெறிக்காம சுத்து. வாசனை எழும்பறதுக்குத்தான் சுத்தறது. ஓரத்துல கோடு கோடா வழியறதைக் காட்டி "லெக்ஸ் பாருங்க, நல்ல வைன்"னு மட்டும் சொல்லாதே. அது சாராயமும் தண்ணியும் வேற வேற வேகத்துல ஆவியாகிறதால வர்ற கோடு. மட்டமான சரக்குலயும் வழியும். அப்படியும் பெருமை பேசித்தான் ஆகணும்னா சர்ச்சில் கதையைச் சொல்லு: பெங்களூர் கிளப்புல 1899ல 13 ரூபா பாக்கி வச்சுட்டுப் போனவரு, கணக்குப் புத்தகத்துல இன்னும் பேரு நிக்குது. வைன் பத்தித் தெரியாத விஷயம் பேசறதைவிட கடன்காரன் கதை பேசறது எவ்வளவோ மேல்.

வண்டியில வர்றவங்க சாவியை வாசல்லயே வாங்கி வை. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாக் கேசு. சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிற நேரத்துல அதுவே தானா இறங்கிடும்னு எவனாவது சொன்னா, அவனுக்கு ரெண்டாவது கிளாஸ் குடுக்காதே. குடிக்க மாட்டேங்கிறவங்களை வற்புறுத்தாதே, அவங்களுக்குத்தான் கறி ருசி முழுசாத் தெரியும்.

அப்பறம் ஒண்ணு. ஆறு பேருக்கு ஒரே பாட்டில்னா தலைக்கு ஒரு கிளாஸ் வர்றதே ஜாஸ்தி. இன்னொண்ணு வாங்கி வை. ரெண்டாவது பாட்டில்ல நிச்சயம் பாதி மிஞ்சும். அதைக் கொட்டிடாதே, தக்கையை இறுக்கி ஃபிரிட்ஜ்ல வச்சா மூணு நாளைக்குக் கெடாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி திறந்தா புதன்கிழமை வரைக்கும் தாங்கும். எனக்கு ஓசூர் பஸ்சு வியாழக்கிழமைதான். சாறுலயும் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லு.